என் சுண்டு விரல் அளவில் ஒரு கேரட்

எங்கள் உப்பு அரவை மில்லில் வேலை தொடங்கச் சங்கு ஊதுவதில்லை, மணி அடிப்பதில்லை. அந்த நாளில், மெஷின் பராமரிப்பு பார்த்த எங்கள் பாய் கேரட்டைக் கடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏழுமலை மெஷினை ஓட்டுவான். அதுவரை நாங்கள் கூடைகளோடு நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். வெகுநேரம் ஆகியும் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது முதலாளிக்குத்தான் விழும்.

மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் இருக்கிறது மில். பாத்தியில் வாரிய உப்பைக் கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்துப் பையில் அடைத்து அனுப்புகிறோம். அரவை மெஷினுக்குள் இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றை ஒன்று பார்த்துச் சுற்றும். மேலே உப்பைக் கொட்டும் தொட்டி. உருளைகளுக்குச் சற்று மேலே, தொட்டிக்குள் கம்பி ஜாலி ஒன்று இருக்கும். உப்பு கீழே போகலாம், கை போகக் கூடாது, அதற்குத்தான் அது. பக்கவாட்டில் மோட்டாரும் பெரிய சக்கரமும் பெல்ட்டும். அவற்றின் மேல் தகரக் கவர். இந்த ஜாலியும் கவர்களும்தான் பாயின் ராஜ்ஜியம்.

எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். அரைக்கிற மெஷின் தேய்வதற்கு முன்னால் அதன் மூடி அரித்துப்போகும். அதனால் தினமும் காலையில் பாய் மெயின் சுவிட்சை இறக்கி, அதற்கு ஒரு பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பிறகு விரல் நீளத்துக்கு நறுக்கிய கேரட் ஒன்றை எடுத்து, எல்லா இடுக்கிலும் ஓட்டையிலும் நுழைத்துப் பார்ப்பார். உள்ளே சுற்றுகிற எதையாவது அதன் நுனி தொட்டுவிட்டால் அந்த மூடி தேறவில்லை. தொட்ட நுனியை வெட்டி, ஒரு தாளில் வைத்து, நேராக முதலாளியின் மேசைக்குக் கொண்டுபோவார்.

"ஒரு விரல் போச்சு முதலாளி."

எல்லா மூடியும் தேறினால் கேரட்டைக் கழுவிக் கடிப்பார். அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் காத்திருப்போம்.

"ஏன் பாய், ஒரு குச்சியை வெச்சுப் பார்க்கக் கூடாதா? தினமும் கேரட்டுக்கு எங்க போவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குச்சியை வெட்டி மேசையில வெச்சா முதலாளி அதால காது குடைவாரும்மா. கேரட் துண்டை வெச்சுப் பாரு. அன்னைக்கு மதியம் அவருக்குச் சோறு எறங்காது. மறுநாளே புது கவர் வந்துடும்."

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் மில்லில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. கோட்டக்குப்பத்தில் வீடு. துபாய்ப் பக்கம் பல வருஷம் தொழிற்சாலைகளில் மெஷின் பராமரிப்பு பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளைச் சட்டை, மணக்க மணக்க அத்தர், தேங்காயெண்ணெய் தடவிய கைகள். உப்பு மில்லில் வேலை செய்கிறவர்களின் கை வெடித்துக் காய்ந்து கிடக்கும். பாயின் கை மட்டும் கல்யாண மாப்பிள்ளை கை. அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். புதிதாக யாராவது வந்தால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்.

"இந்தத் தொழில்ல இத்தினி வருஷம். பத்தும் இருக்குது பாருங்க. இதான் என் சர்டிபிகேட்."

தன்னடக்கம் என்பது அவருக்குத் துளியும் கிடையாது. தன்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளி விழுப்புரம் மாவட்டத்திலேயே இல்லை என்று மார்தட்டிக்கொள்வார். பயப்படுவதைப் பற்றி இத்தனை தைரியமாகப் பேசிய ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

உண்மையிலேயே பயப்படுவார். ஈ.சி.ஆர். சாலையைக் கடக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டி இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆடுகள் அவரைத் தாண்டிப் போய்விடும், அவர் அங்கேயே நிற்பார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். நாயைக் கண்டால் பயம். ஏணியைக் கண்டால் பயம். கோட்டக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர், கடலில் கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை என்று அவரே சொல்வார்.

ஏழுமலைக்கு இதெல்லாம் நல்ல தீனி. எங்கள் மெஷின் ஆப்பரேட்டர் அவன். ஓடுகிற பெல்ட்டைக் கையாலேயே தட்டி விடுகிற ரகம், அதைச் செய்யும்போது யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்வான்.

"பாய், பல்லி கத்துது, வீட்டுக்குப் போயிடுங்க" என்பான்.

பாய் சிரிப்பார். "டேய் ஏழுமலை, நீ தைரியசாலி, ஒத்துக்கறேன். ஆனா பயப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உனக்கும் சேர்த்து நான்தான் பயப்படறேன். அதுக்காச்சும் ஒரு டீ வாங்கிக் குடு."

துபாயில் எதையோ பார்த்துவிட்டுத்தான் இப்படி ஆகிவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள். கூட்டாளியின் கை போனதாம் என்றாள் ஒருத்தி. இல்லை, அவருடைய தம்பியே போய்விட்டானாம் என்றாள் இன்னொருத்தி. எனக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிகிற பழக்கம் இல்லை. நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் எதையும் பார்க்கலம்மா" என்றார். "பார்க்கக் கூடாதுன்னுதான் பயப்படறேன்."

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் சண்டை. நாங்கள் தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தோம். பாய் வந்து, "எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றார். முன்பின் தெரியாத ஆள். அத்தர் வாசனை வேறு.

"என்னா பாய், கை பார்த்து ஜோசியம் சொல்லப்போறீங்களா, இல்ல பொண்ணு பார்க்க வந்திருக்கீங்களா?" என்றேன். பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "இந்த ஜாலியைப் போட்டவன் தன்னோட விரலை வெச்சு அளந்திருக்கான். அவன் தடிமாடு. உப்பு கொட்டறது நீங்க. மில்லுலயே எந்த விரல் சின்னதோ, அதுவே உள்ள போக முடியாத மாதிரிதான் ஓட்டை இருக்கணும். அந்த விரல் யாருதுன்னு எனக்குத் தெரியணும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. வரிசையாகக் கையை நீட்டினோம். யாரையும் தொடாமல் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றார். ஒரு நூலைக் கொடுத்து, சுண்டு விரலைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அப்போது நான் ஒல்லிக்குச்சி.

"பேரு என்னம்மா?"

"தேவகி."

"இன்னையிலேர்ந்து நீதான் அளவு."

அன்று முதல் அவர் கொண்டுவந்த கேரட்டெல்லாம் என் சுண்டு விரல் பருமன்தான். மார்க்கெட்டில் காய்கறிக்காரி இவரைக் கண்டாலே கூடையை மூடிவிடுவாளாம். குவியலைக் கிளறி, நூலை வைத்து அளந்து, "இது மோதிர விரல் சைஸும்மா, எனக்குச் சுண்டு விரல்தான் வேணும்" என்று நின்றால் யார்தான் பொறுப்பார்கள்? மில்லிலும் அது வேடிக்கையாகிவிட்டது. கேரட் நுனி மேசைக்கு வரும்போதெல்லாம் முதலாளி, "யாருது?" என்பார். "தேவகியோடது" என்பார் பாய். காலையில் கடிக்கும் சத்தம் கேட்டால் நான் எட்டிப் பார்த்து, "என் விரலைத் தின்னாச்சா பாய்?" என்பேன். "ருசியா இருக்குதும்மா" என்பார்.

ஆனால் எங்களுக்கு அவர்மேல் பிரியம் பொங்கி வழிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் விரல் அளவுக்கு நெருக்கிப் போட்ட ஜாலியில் உப்புக் கட்டிகள் சிக்கி நின்றன. மரச்சுத்தியால் தட்டி உடைத்து உடைத்து இறக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் நாங்கள். மூட்டை குறைந்தால் கூலி குறையும். தொட்டியடியில் நின்று அவரை நாங்கள் திட்டிய திட்டுக்கு ஒரு கேரட் தோட்டமே கருகியிருக்கும்.

இன்னொரு கூத்தும் செய்தார். மெயின் சுவிட்சுப் பெட்டி மில்லின் கோடியில், மூட்டை அடுக்குக்குப் பின்னால் இருந்தது. முதலாளியிடம் மல்லுக்கட்டி அதை வாசலுக்கு வெளியே மாற்ற வைத்தார். எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு, "ஏதாச்சும் ஆனா நான் பயந்து ஓடுவேன் முதலாளி. ஓடற வழியில சுவிட்சு இருக்கணும்" என்றாராம். ஏழுமலை இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தான்.

ஆயுத பூஜைக்கு மில்லை ஜோடிப்பது எங்கள் வழக்கம். உப்பு வாரும் பருவம் முடிந்து மழைக்கு முந்தின நேரம், எல்லோரும் கொஞ்சம் ஓய்வாக இருப்போம். அந்த வருஷம் முதலாளி தாராளமாகச் செலவு செய்தார். மெஷின்களைத் துடைத்து, கவர்களுக்கெல்லாம் புது மஞ்சள் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பாயும் வந்திருந்தார். ஒரு வருஷம்கூட அவர் பூஜைக்கு வராமல் இருந்ததில்லை. பொரியும் சுண்டலும் அவருக்கு உயிர். ஓரமாக நின்று கை கட்டிக்கொண்டு பார்ப்பார், முதலில் பிரசாதம் வாங்குகிறவரும் அவராகத்தான் இருப்பார்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. முதலாளி பெருமையாகத் திரும்பி, "என்ன பாய், மெஷின் புதுசாட்டம் இருக்குதில்ல?" என்றார்.

பாய் பெல்ட் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி துருவைச் சுரண்டினாங்களா முதலாளி?"

பெயிண்ட் அடித்த பையன்கள் சுண்டலைப் பார்த்தார்கள்.

பாய் பையிலிருந்து கேரட்டை எடுத்தார்.

"இன்னைக்காச்சும் விடுங்க பாய்" என்றார் முதலாளி.

"நாளைக்கு ஓட்டப்போறோமே."

கவரின் அடிப்பக்கம் குனிந்தார். சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில், பளபளவென்று மின்னிய மஞ்சள் தகரத்தில் கேரட்டை வைத்து ஒரு அழுத்து. கேரட் உள்ளே போய்விட்டது. ஓட்டையே இல்லாத இடத்தில் போய்விட்டது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தகரத்தை உப்பு எப்போதோ தின்று தீர்த்திருக்கிறது. துருவும் பெயிண்ட்டும் ஒட்டிக்கொண்டு கவர் போல நின்றிருந்தன.

பூஜை போட்ட மெஷினைக் குத்திவிட்டான் என்று பேக்கிங்கில் ஒருவன் குரல் எழுப்பினான். அபசகுனம் என்றான் இன்னொருவன். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கவரில் சாய்ந்துகொண்டுதான் நான் தினமும் தண்ணீர் குடிப்பேன்.

பாயின் குரல் நடுங்கியது. பயம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டார். "இரும்புக்குப் பொட்டு வைங்க முதலாளி, நானும் சேர்ந்து நிக்கறேன். இது இரும்பு இல்ல. நீங்க பெயிண்ட்டுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க."

"நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம் பாய்" என்றார் முதலாளி.

பாய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். போகிற போக்கில் சுண்டல் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் ஏழுமலை சுவிட்சில் கை வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டான். நான் வாசலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதலாளி வெளியே வந்தார்.

"என்னம்மா தேவகி, உள்ள போகலையா?"

"கேரட் கடிக்கற சத்தம் கேக்கலைங்க."

"உனக்கு அந்த ஆளு மேல அவ்ளோ மரியாதையா?"

"மரியாதையெல்லாம் இல்லைங்க. அவரு ஜாலியால எங்க கூலி கொறையுது, வயித்தெரிச்சல்தான். ஆனா நேத்து அந்தக் கேரட்டு உள்ள போச்சே, அது என் விரலு. நான் பார்த்துட்டேன். பார்த்துட்டு எப்படிங்க உள்ள வர்றது?"

முதலாளி கெட்டவர் இல்லை. செல்லை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வெயில் ஏறுவதற்குள் ஸ்கூட்டர் வந்துவிட்டது. அத்தர் வாசனை வழக்கத்தை விடத் தூக்கலாக இருந்தது. இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டார்.

"என்னா, நான் வரமாட்டேன்னு பயந்துட்டீங்களா? நல்லது. பயம் தொத்திக்குது."

கவர் மாறியது. கூலியும் கொஞ்சம் மாறியது. கட்டி உடைக்கிற நேரத்துக்குத் தனியாகக் கொடுங்கள் என்று நான் பிடித்த பிடியில் முதலாளி இறங்கி வந்தார். அதற்குப் பிறகு பாயைத் திட்டுவதற்கு எங்களுக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. பழக்கத்துக்காகச் சில நாள் திட்டினோம்.

மழைக்காலம்தான் மில்லுக்குக் கெட்ட காலம். இருப்பு வைத்த உப்பு ஈரம் குடித்துப் பாறையாக இறுகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, லாரி வாசலில் நிற்கிறது, மூட்டை தேறவில்லை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஏழுமலை ஜாலியைத் தூக்கி, ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தினான். கட்டி கட்டியாக உள்ளே போனால் சீக்கிரம் அரைபடும் என்று கணக்கு. அன்று என் உள்ளங்கை வெடித்திருந்தது. உப்புப் பட்டால் உயிர் போகும் எரிச்சல். ரப்பர் கையுறை போட்டிருந்தேன். சுற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது என்று பாய் தலையால் அடித்துக்கொள்வார். அவர்தான் அங்கே இல்லையே.

பெரிய கட்டி ஒன்று உருளைகளுக்கு நடுவே சிக்கி நின்றது. கழியால் தள்ளினேன். கழி வழுக்கியது. என் கையுறையின் விரல் நுனி கட்டிக்கும் உருளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. உள்ளே இருந்தது என் சுண்டு விரல்.

உருளை திணறியது. பெல்ட் வழுக்கி, ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. அந்தக் கட்டி உடையாத வரைக்கும்தான் என் கை. உடைந்தால் உருளை சுற்றிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. கத்தினேன்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். ஏழுமலை மெஷினில் இருந்த சிவப்பு பட்டனைக் குத்து குத்தென்று குத்தினான். உப்பு ஏறி இறுகிப்போன பட்டன் அது. மாற்றச் சொல்லிப் பாய் அந்த வாரம்தான் கேட்டிருந்தார். அமுங்கவே இல்லை. அப்போது வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. தொழுகை முடிந்து பாய் திரும்பியிருந்தார். என்னைப் பார்த்தார், தூக்கி நிறுத்தியிருந்த ஜாலியைப் பார்த்தார். சட்டென்று திரும்பி வெளியே ஓடினார்.

"ஓடறாரு பாரு" என்று ஏழுமலை அலறினான். "பாய், ஓடறீங்களே பாய்."

நானும் பார்த்தேன். அந்த முதுகைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த மூச்சு விடுவதற்குள் மில் முழுவதும் இருண்டது. மோட்டார் இரைச்சல் அடங்கியது. எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்டது. பாய் வாசலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அந்தப் பிடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தார்.

பெல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி, கையுறையை விடுவித்தார்கள். சுண்டு விரல் வந்தது. முழுசாக வந்தது. நகம் மட்டும் கறுத்து, பிறகு உதிர்ந்து, புதிதாகக் கோணலாக முளைத்தது. பாய் கிட்டே வரவே இல்லை. சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் பாழ்.

நான்தான் தண்ணீர் கொண்டுபோனேன். "பாய், இருக்குது" என்று கையை நீட்டினேன்.

"மூடும்மா, மூடு, என்னால பார்க்க முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய் ஓயாத மனிதர், அன்றைக்குப் பெருமை பேசவில்லை. "பயந்துட்டேம்மா. பயந்துதான் ஓடினேன். ஓடற வழியில சுவிட்சு இருந்துச்சு" என்றார்.

அங்கே அதை வைத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? அன்று அந்த மனிதர் மேல் எனக்கு வந்த பாசம் இன்றைக்கும் இம்மிகூடக் குறையவில்லை. கூடப்பிறந்தவன் இருந்திருந்தால் அவனிடம்கூட அப்படி வந்திருக்காது.

ஜாலியைத் தூக்கினால் மெஷின் தானாக நின்றுவிடுகிற மாதிரி ஒரு சுவிட்சை அடுத்த வாரமே பொருத்தினார். ஏழுமலை அதற்குப் பக்கத்தில் நின்று திருகாணி எடுத்துக் கொடுத்தான். பல்லி பற்றி அதற்கப்புறம் அவன் பேசவில்லை. கேரட் வாங்கி வருவதுகூடச் சில நாள் அவன்தான்.

சர்க்கரை வியாதி பாயின் கண்ணை மங்கலாக்கிய பிறகு அவர் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஸ்கூட்டர் ஓட்டப் பயமாக இருக்கிறது என்று சொன்னார், கண் தெரியவில்லை என்று சொல்லவில்லை. இனி யார் மூடிகளைப் பார்ப்பது என்று முதலாளி கேட்டபோது, "தேவகி பார்க்கட்டும். அவளுக்கு வாய் இருக்குது" என்றாராம். அப்படித்தான் பூட்டும் சாவியும் எனக்கு வந்தன. தினமும் காலையில் நான்தான் கேரட்டைக் கடிக்கிறேன். போன வருஷம் ஜாலி அரித்துப்போய்ப் புதிது போட்டோம். லேத்துக்காரரிடம் அளவுக்குக் கேரட்டைக் கொடுத்தனுப்பியதும் நான்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கக் கோட்டக்குப்பம் போனேன். கையில் ஒரு பை நிறையக் கேரட். கதவைத் திறந்த அவர் மனைவி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதானா அந்தச் சுண்டு விரலு?" என்று சிரித்தார். "என் கையைக்கூட இவரு அப்படி அளந்து பார்த்தது இல்லம்மா. வா, உள்ள வா."

பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர், எண்ணெய் தடவிய கைகள், எல்லாம் அப்படியே. பார்வைதான் என் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது. மில் கதை, முதலாளி கதை, ஏழுமலை மகள் பெரியவளான கதை எல்லாம் சொன்னேன். ரசித்துக் கேட்டார். பிறகு கையை நீட்டச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் கையைத் தொட்டார். ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே வந்து, கோணல் நகத்தில் நின்றார்.

"பத்தும் இருக்குது" என்றார்.

"இருக்குது பாய். உங்க புண்ணியம்."

அவர் விரலை விடவில்லை. மறுபடி தடவினார். "பருத்துப்போச்சே."

"வயசாவுதில்ல. ரெண்டு புள்ள பெத்தவ."

"இப்ப எதை வெச்சும்மா அளக்கறே?"

"என் விரலைத்தான் பாய். நீங்க சொன்ன அளவு."

அவர் மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மில்லுல புதுசா யாராச்சும் சேர்ந்திருக்காங்களா?"

"பிரம்மதேசத்துப் பொண்ணு ஒருத்தி, ஆனந்தின்னு. தொட்டியடியிலதான் நிக்கறா. ஒல்லியா, காத்தடிச்சா..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினேன்.

பாயின் பிடி இறுகியது. அவருடைய பயம் அந்தக் கை வழியாக அப்படியே எனக்குள் வந்தது. நான் டீயைக் குடிக்காமலே எழுந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மில்லுக்குப் போனேன். சுவிட்சை இறக்கிப் பூட்டினேன். பெண்கள் வந்ததும், "எல்லாரும் கையைக் காட்டுங்கடி" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனந்தி கடைசியில் நின்றாள். நூலை அவள் சுண்டு விரலில் சுற்றினேன். பையைக் கொட்டி, அந்த அளவில் ஒரு கேரட் தேடி எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. விரல் நீளத்துக்கு நறுக்கி, நாங்கள் புதிதாகப் போட்ட ஜாலியில் வைத்தேன். தடையே இல்லாமல் உள்ளே போனது. நுனி உருளையைத் தொட்டது.

ஏழுமலை மோட்டார் பக்கத்தில் நின்று, "என்னாக்கா, ஓட்டலாமா?" என்றான்.

நான் நுனியை வெட்டித் தாளில் வைத்து முதலாளியின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். புது ஜாலி போட்ட பிறகு அந்த மேசைக்குக் கேரட் வந்திருக்கவில்லை.

"ஒரு விரல் போச்சு முதலாளி" என்றேன்.

"உன்னோடதா?"

"இல்லைங்க. ஆனந்தியோடது."